கழுத்து வரை நிறைந்த பாட்டில்

பிற்பகல் மூன்று மணி. மூடிக் கிடந்த ஃபோட்டோ ஸ்டுடியோவின் பின்புறம் இருந்த, ஃபிலிம் கழுவும் இருட்டறையின் கதவை ஸ்டுடியோக்காரரின் மனைவியான அந்த அம்மா திறந்துவிட்டார். உள்ளேயிருந்து வினிகரும் ஈரத்துணியும் கலந்த புளித்த வாடை வந்தது.

"எங்க வீட்டுக்காரர் போனதுலேருந்து நான் உள்ள கால் வச்சதில்ல. பதினோரு வருஷம் ஆச்சு. கதவிடுக்கெல்லாம் துணியைத் திணிச்சு அடைச்சுட்டுதான் வேலை பார்ப்பார். காத்து பட்டா கெட்டுடும்னு எப்பவும் ஒரே புலம்பல். கடைசில அந்தக் காத்து இல்லாமத்தான் போனார். சீக்கிரம் முடிச்சுட்டு வெளிய வந்துடுங்க தம்பி."

என் கையில் வெளிச்சம் புகாத ஒரு ஜாடி. அதில், தண்ணீருக்குள், எங்கள் மகளின் ஃபிலிம் சுருள். படகு கவிழ்ந்த ஏரியிலிருந்து அவள் உடலை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். கேமரா கிடைக்க ஆறு நாள் ஆனது. நனைந்த ஃபிலிம் காய்ந்தால் ஒட்டிக்கொண்டு பாழாகும், ஊறவிட்டால் கரையும். இன்றே கழுவியாக வேண்டும்; ஊரில் மிச்சமிருந்த இருட்டறை இது ஒன்றுதான்.

படத்தை வரவைக்கும் மருந்தான டெவலப்பரை நான் கொண்டுபோயிருந்தேன்; அது கறுத்த தேநீர் போல இருந்தது. ஒரு ஃபிலிம் துண்டை வெளிச்சத்திலேயே அதில் போட்டுப் பார்த்தேன். டெவலப்பருக்கு உயிர் இருந்தால் துண்டு அரை நிமிடத்தில் கறுக்கும். கறுக்கவில்லை.

"பாதி பாட்டில்ல காத்தை விட்டா மூடி வச்சீங்க? இருபது வருஷமா இதே பொழப்பு. இதுகூடத் தெரியாதா?" என்றாள் கூட வந்திருந்த மனைவி. அழுது அழுது அவள் தொண்டை கட்டியிருந்தது.

அலமாரியில் ஒரே ஒரு பழுப்புப் பாட்டில் இருந்தது. லேபிளில் பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி. திறந்த டெவலப்பர் ஆறு மாதம் தாங்கினாலே பெரிது. இதுவோ தண்ணீர் போலத் தெளிந்து, கழுத்து வரை நிறைந்திருந்தது. அடியில் கோலிக்குண்டுகள். எடுக்கும் அளவுக்குக் கோலி போட்டால் மட்டம் ஏறும், காற்றுக்கு உள்ளே இடமிருக்காது. பழைய ஆட்களின் வழக்கம் அது.

இன்னொரு துண்டைப் போட்டேன். பத்து நொடியில் கறுத்தது.

எப்படி என்று கேட்டுக்கொள்ள எனக்கு மனமில்லை.

பாதியைத் தட்டில் ஊற்றினேன். பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தேன். ஃபிலிமின் இரு முனைகளையும் பிடித்து, தட்டுக்குள் ஏற்றி இறக்கத் தொடங்கினேன். எட்டு நிமிடம். நடுவில் வெளிச்சம் துளி பட்டாலும் எல்லாம் போய்விடும். கதவுக்கு வெளியே மனைவி கடிகாரம் பார்த்து நிமிடம் சொன்னாள்.

"ஒண்ணு."

என் மூச்சுச் சத்தம் மட்டும்.

"ரெண்டு."

டிக்.

கண்ணாடிக்குள் கண்ணாடி விழும் சத்தம். அலமாரிப் பக்கமிருந்து.

டிக். டிக்.

நான் எடுத்த அளவுக்கு யாரோ கோலி போடுகிறார்கள்.

"நாலு. என்னங்க, சரியா வருதா?"

பதில் சொல்ல மூச்சில்லை. அறையில் காற்று குறைந்துகொண்டே வந்தது. ஒரு கோலி தரையில் மெல்ல உருண்டு வந்து என் கால்விரலில் முட்டி நின்றது. வினிகர் வாடை முகத்துக்கு நேரே அடித்தது.

"காத்து பட்டா கெட்டுடும்," என்றது காதோரம் ஒரு குரல். மிகுந்த அக்கறையோடு.

கதவு மூன்றடி தூரத்தில் இருந்தது. திறந்தால் மூச்சு வரும். மகள் போய்விடுவாள்.

குளிர்ந்த, உருண்டையான ஏதோ ஒன்று என் உதட்டில் வந்து அழுந்தியது.

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஆறு."

கைகளை நிறுத்தவில்லை.

"ஏழு."

வாய் தானாகத் திறந்தது.

படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸரில் போட்டு முடித்து நான் வெளியே வந்தபோது ஒன்பது படங்கள் பிழைத்திருந்தன. கடைசிப் படம் மகளின் தோழி எடுத்தது. படகில் மகள் சிரிக்கிறாள், தலைமுடி காற்றில் பறக்கிறது. ஈர ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மனைவி வெகுநேரம் அழுதாள். நான் அலமாரியைப் பார்த்தேன். பாட்டில் கழுத்து வரை நிறைந்திருந்தது.

அதன் பிறகு எனக்கு இருமல் நிற்கவில்லை. நேற்று இரண்டாம் முறையாக நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கப் போனேன். படத்தைப் பார்த்த டெக்னீஷியனுக்கு எரிச்சல்.

"போன வாரமே மாலையைக் கழட்டிட்டு வாங்கன்னு சொன்னேனே சார். இப்ப இன்னும் ரெண்டு உருண்டை மணி சேர்த்துக் கோத்துட்டு வந்திருக்கீங்க?"

சட்டைப் பொத்தானை அவிழ்த்து, என் வெறுங்கழுத்தைக் காட்டினேன்.