பயனுள்ள வீடியோ

அந்த வீடியோவில் யாருடைய முகமும் கிடையாது. வினோதா அதை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தாள். மரப்பலகை, அதன்மேல் கொடுவா மீன், கறுப்புப் பிடிக் கத்தி, மணிக்கட்டு வரை அவளுடைய இரண்டு கைகள். அவ்வளவுதான். வளையலைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எடுத்திருந்தாள். ஆனால் கீழே, 'சூப்பர் அக்கா', 'விலை எவ்ளோ' என்ற வழக்கமான வரிகளுக்கு நடுவே, மீன்பிரியன் என்ற பெயரில் எழுதுகிறவர் புதிதாக ஒன்று எழுதியிருந்தார்.

'பயனுள்ள வீடியோ அக்கா. மெரூன் நைட்டி போட்டிருக்கவங்கதான் ரொம்ப எளச்சிட்டாங்க.'

மெரூன் நைட்டி அடுக்களையின் இன்னொரு மூலையில், தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, பேயறைஞ்ச மாதிரி பாக்குற? எவனாச்சும் திட்டிட்டானா?" என்றாள் கலையரசி, தலையை நிமிர்த்தாமலே.

"ஒண்ணுமில்ல."

"திட்டினா திட்டட்டும் போ. கத்தியும் கையுமா இருக்கறவள நேர்ல வந்தா திட்டப் போறான்?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டாள். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவள் சிரித்ததே இல்லை. அடுப்பில் குக்கர் சத்தம் போட்டால்கூடத் தோள் குலுங்கும். இப்போதுதான், இந்த ஐப்பசியில்தான், சிரிக்கத் தொடங்கியிருந்தாள். அதனால்தான் வினோதா அந்த வரியைத் தங்கைக்குப் படித்துக் காட்டவில்லை.

வெளியே மழை பிடித்திருந்தது. மூலக்குளத்தின் புதுமனைகளுக்கே உரிய மழை அது. பாதி கட்டிய வீடுகளின் கம்பிகளிலும், தார்ப்பாயிலும், குட்டையாகிப்போன செம்மண் தெருவிலும் விதவிதமான சத்தத்தோடு விழுந்துகொண்டிருந்தது. தவளைகள் கத்தின. ஜன்னல் வழியே ஈரச் சிமெண்டின் வாடை வந்தது. விளக்கு வைக்கும் நேரம்தான், ஆனாலும் தெரு கறுத்துப் போயிருந்தது. கணவன் பிரேம்குமாருக்குக் கம்பெனியில் இரண்டாவது ஷிப்டு. அவன் வர வெகுநேரம் ஆகும்.

கலை இங்கே இருப்பது அவனையும் வினோதாவையும் தவிர யாருக்கும் தெரியாது. வீராம்பட்டினத்தில் இருக்கும் அம்மா அஞ்சலாட்சிகூட, சின்னவள் திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனியில் வேலை செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். படகு இன்ஜின் மெக்கானிக் ஆனந்தராஜைக் கட்டிக்கொண்டு காலாப்பட்டுக்குப் போனவள், ஒரு விடியற்காலையில் செருப்பில்லாமல் பஸ் ஏறி, அவன் பார்த்திராத அக்காவின் இந்தப் புதுவீட்டு வாசலில் வந்து நின்றாள். முதுகில் சைலன்சர் சூடு வைத்த தழும்பு. 'நீ எந்தப் பொந்துல இருந்தாலும் வந்து எடுப்பேன்' என்று அவன் கடைசியாகச் சொன்னதை அவள் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

வினோதா வீடியோவை மெதுவாக நகர்த்தினாள்.

இந்த வீடியோக்களை அவள் விளையாட்டுக்காகத் தொடங்கவில்லை. பெரிய மார்க்கெட்டில் மீன் வெட்டும் அம்மாவுக்கு அவள்தான் ஆசையாக ஆன்லைனில் கத்தி வாங்கிக் கொடுத்தாள். வாங்கியவர்கள் போட்ட நட்சத்திரங்களைப் பார்த்து நம்பி வாங்கியது. வஞ்சிரத்தின் நடுமுள்ளில் அது வளைந்து, வழுக்கி, அம்மாவின் கட்டைவிரலைப் பிளந்தது. அப்போதுதான் தோன்றியது, விற்கிறவன் சொல்வதை விட்டுவிட்டு யாராவது உட்கார்ந்து நிஜமாக வெட்டிப் பார்த்துச் சொன்னால் என்ன என்று. முதலில் செய்தித்தாள், பிறகு தக்காளி, பிறகு பழைய வலைக்கயிற்றைக் கை ஓயும் வரை அறுப்பது, மறுபடி செய்தித்தாள். தான் சொன்னது தவறாகி யாராவது கையை வெட்டிக்கொண்டால் என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. அதனால் சந்தேகம் வந்தால் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி எடுப்பாள். கடைசியில், அம்மா செய்வதுபோலவே, கத்தியைத் தூக்கி விளிம்பை டியூப்லைட்டுக்குத் திருப்பிக் காட்டுவாள். "வெளிச்சம் கோடு மாதிரி தெரிஞ்சா மழுங்கிடுச்சுன்னு அர்த்தம். ஒண்ணுமே தெரியலன்னா கூர் அப்படியே இருக்கு."

எல்லா வீடியோவும் அப்படித்தான் முடியும்.

விரல் அந்த இடத்துக்கு வந்து நின்றது. விளிம்பைக் காட்டுவதற்காகக் கத்தி திரும்புகிறது. திரும்பும் வழியில், ஒரு கணம், பளபளவென்று தேய்த்த அகலமான அலகு கேமராவுக்கு நேரே வருகிறது. அவள் அதை நிறுத்தினாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

அலகுக்குள் அடுக்களை இருந்தது.

சற்று வளைந்து, கொஞ்சம் நீண்டு, ஆனால் தெளிவாக. சிங்க், சிலிண்டர், கத்திகள் மாட்டிய பலகை. கதவோரத்தில் மெரூன் நைட்டி. அதற்கு மேல் கலையின் முகம். அதற்கும் பின்னால் திறந்த ஜன்னல், ஜன்னலில் எதிர்வீட்டு மாடிச் சுவர், சுவரின்மேல் கழுத்து ஒடிந்த சிமெண்ட் மயில்.

வினோதாவின் காதுக்குள் மழைச் சத்தம் தூரமாகப் போனது.

"யக்கா, துணி நனையுது! சொல்ல மாட்டியா?" கலை கீரையைத் தட்டிவிட்டு எழுந்தாள். "மாமா பேண்ட்டு காலையிலதான் தோச்சேன். கெட்டுது போ." வாசலோரத்து மாடிப்படியில் அவள் கால்கள் தடதடவென்று ஏறுவது கேட்டது.

வினோதா முந்தைய வீடியோவைத் திறந்தாள். கடைசிக்கு நகர்த்தினாள். அலகில் அதே ஜன்னல், அதே மயில். அதற்கு முந்தையதில் கம்பி கேட்டும் மாடிப்படியும். இன்னொன்றில் கலை, முதுகு காட்டி, தலை வாரிக்கொண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. தன் கையாலேயே, டியூப்லைட்டின் அடியில், ஆடாமல் பிடித்து, நன்றாகத் தெரியும்படி.

மீன்பிரியன் எப்போது வந்தார்? அவள் கீழே போய்ப் படித்தாள். அவளுக்குக் கிடைத்த நல்ல பார்வையாளர் அவர்தான் என்று நினைத்திருந்தாள். மற்றவர்கள் விலை கேட்பார்கள். இவர் கேள்வி கேட்பார். நல்ல கேள்விகள். 'கை ஈரமா இருந்தா பிடி வழுக்குமா அக்கா?' அதற்காக அவள் கையைத் தண்ணீரில் முக்கி முக்கி வெட்டிக் காட்டினாள். சொரசொரப்பான கறுப்புப் பிடி மட்டும் வழுக்கவில்லை. 'துணி சுத்தியிருந்தா துணியோட எறங்குமா?' விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாக்கு சுற்றி வரும் மீனுக்காக இருக்கும் என்று நினைத்து, கலையின் கிழிந்த நைட்டி ஒன்றைக் கறித்துண்டின்மேல் சுற்றி, அதையும் செய்து காட்டினாள். நன்றாக இறங்கியது. 'சாணை எங்க புடிக்கிறீங்க?' மூலக்குளத்தில் தெருவோடு ஒருவர் வருவார் என்று எழுதியிருந்தாள். நன்றி என்று கைகூப்பும் படத்தையும் சேர்த்திருந்தாள்.

'உங்க வீட்டுக்குன்னா எத வாங்குவீங்க?'

'கறுப்புப் பிடி. கண்ண மூடிட்டு வாங்குங்க.'

'வாங்கிட்டேன் அக்கா. கைக்கு வந்துடுச்சு. நீங்க சொன்ன மாதிரியே இருக்கு.'

பிரேம்குமாரைக் கூப்பிட்டாள். மெஷின் இரைச்சலுக்கு நடுவே அவன் கத்திப் பேசினான்.

"இன்னா வினோ? சூப்பர்வைசர் பாக்குறான்."

"ஏங்க, வீடியோவுக்குக் கீழ எழுதியிருக்கான், அவன் நம்ம வீட்டக் கண்டுபுடிச்சிட்டான். கத்தியில கலை தெரியறா. எல்லாத்துலயும் தெரியறா."

"கத்தியில தெரியறாளா? இன்னா பேசற நீ? எவனாச்சும் வேலயில்லாதவன் எழுதியிருப்பான்."

"எளச்சிட்டாங்கன்னு எழுதியிருக்கான். முன்ன பாத்தவன்தான அப்படி எழுதுவான்?"

அவன் மெஷினை விட்டுத் தள்ளி வந்திருக்க வேண்டும், இரைச்சல் குறைந்தது. பிறகு அவன் குரல் மாறியிருந்தது. "கேட்டப் பூட்டு. மாடிக் கதவயும் பூட்டு. நான் சொல்லிட்டு கெளம்பி வரேன்."

கம்பெனி இருக்கும் சேதராப்பட்டிலிருந்து அவன் வரவேண்டும். இந்த மழையில்.

கரண்ட் போனது.

மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. குளிர்சாதனப் பெட்டி ஒரு முறை உடம்பை உதறிவிட்டு அடங்கியது. அந்தச் சத்தங்கள் இத்தனை நாள் வீட்டை நிறைத்திருந்தது அவை நின்ற பிறகுதான் தெரிந்தது. மழை. தவளை. எங்கோ ஒரு தகரத்தில் சொட்டும் தண்ணீர்.

"கலை! கீழ வா! சீக்கிரம்!"

"வந்துட்டேன்க்கா! கிளிப்பு எடுக்க வரல!" மேலேயிருந்து குரல். உயிருள்ள, சலித்துக்கொள்கிற குரல். வினோதாவுக்கு மூச்சு வந்தது.

கேட்டைப் பூட்ட வேண்டும். வாசலுக்குப் போனாள். மின்னல் ஒன்று தெருவைக் காட்டிவிட்டுப் போனது. கேட் திறந்திருந்தது. காற்றாக இருக்கலாம். கொக்கி எப்போதும் தளர்வுதான். அவள் அதை இழுத்துச் சாத்தினாள், பூட்டினாள், சாவியை நைட்டிக்குள் போட்டுக்கொண்டாள். உள்ளே திரும்பும்போதுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது. மழை வாடைக்கு அடியில், கனமாக. டீசல்.

வெளியே நிற்பவனை உள்ளே விடாமல் பூட்டியிருக்கிறாளா, இல்லை உள்ளே வந்துவிட்டவனோடு சேர்த்துத் தங்களைப் பூட்டிவிட்டாளா?

அடுக்களைக்கு ஓடினாள். மேடைமேல் போன் மினுக்கியது. அழிக்க வேண்டும், எல்லாவற்றையும். ஒரு வீடியோவை அழித்தாள். இரண்டாவதன்மேல் விரல் வைத்தபோது அதன் அடியில் புதிய வரி ஒன்று வந்து விழுந்தது.

'அழிக்காதீங்க அக்கா. நெறைய பேருக்கு உபயோகமா இருக்கும்.'

மாடிப்படியில் காலடி. ஈரக் கால்கள். கலைதான். கலையின் நடைதான். ஆனால் தடதடவென்று அல்ல. மெதுவாக. ஒவ்வொரு படியாக. நின்று, பிறகு அடுத்தது.

"கலை?"

இன்னொரு படி.

ஒரே ஆளின் காலடியா? அவள் காது கொடுத்துக் கேட்டாள். மழை கலைத்தது. ஒரே ஆள்தான். இல்லை. இருக்கலாம்.

"கலை, பேசுடி."

காலடி அடுக்களை வாசலுக்கு வந்தது. நின்றது. டீசல் வாடை அறைக்குள் வந்தது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கை மட்டும் கத்திகள் மாட்டிய பலகையைத் தேடிப் போனது. கறுப்புப் பிடி விரலுக்குள் வந்தது. இன்னொரு கையில் போனின் டார்ச். இத்தனை மாதப் பழக்கம், வேண்டுமென்று செய்யவில்லை. கத்தியைத் தூக்கி, விளிம்பை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

திரும்பும் வழியில் அலகு ஒரு கணம் கண்ணாடியானது.

வாசலில் மெரூன் நைட்டி. கைநிறைய நனைந்த துணிகள். அவற்றைக் கீழே போடாமல் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள் கலை. கண்கள் அகலத் திறந்திருந்தன. கண்களுக்குக் கீழே முகம் இல்லை. ஒரு உள்ளங்கை இருந்தது. அவள் தோளுக்கு மேலே, இருட்டில், இன்னொரு கை. மழைத் தண்ணீர் மணிக்கட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிடி வழுக்கவில்லை.

கறுப்புப் பிடி.

அவன் அதை அவசரமில்லாமல் உயர்த்தினான். டார்ச் வெளிச்சத்துக்கு நேராக, அவள் ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் செய்வதுபோலவே, விளிம்பைத் திருப்பிக் காட்டினான்.

கோடு தெரியவில்லை.