நெற்றியில் எழுதிய வேகம்

முதலில் தப்பாகப் பட்டது ஓர் எண்தான். கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகத் தன்னைப் பற்றி அது ஒப்பிக்குமே, அந்த வரிகளுக்கு நடுவே பிராசஸரின் வேகம் ஐந்நூறு என்று காட்டியது. மெக்கானிக்குக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. இந்த மெஷினைத் துண்டு துண்டாக வாங்கி, அக்கா மகளின் பிறந்தநாளுக்குப் பூட்டிக் கொடுத்தவனே அவன்தான். பிராசஸரின் நெற்றியில் இரண்டாயிரம் என்று பொறித்திருந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அதன்மேல் பசை தடவி ஃபேனை வைத்து அழுத்தினான். மனுஷனுக்கு வயதானால் நடை தளரும். பிராசஸருக்கு அப்படியெல்லாம் ஆகாது. ஓடினால் எழுதிய வேகத்தில் ஓடும், இல்லையென்றால் செத்துப்போகும்.

"ரொம்ப மெதுவா இருக்குடா தம்பி. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்" என்றாள் அக்கா, கட்டிலில் உட்கார்ந்தபடி.

வெளியே மழை. பிற்பகல்தான் என்றாலும் அறைக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. கொடியில் காயாமல் தொங்கிய துணியின் வாடையும், மூலையில் கிடந்த பள்ளிப் பையிலிருந்து பழைய காகித வாடையும் வந்தன. மேசையில் மவுசுக்குப் பக்கத்தில் ஒரு சீப்பும் சிவப்பு ரிப்பனும் இருந்தன. எந்நேரமும் மவுசும் கையுமாக இருந்ததால் அக்கா மகளுக்கு எலி என்று பெயர் வைத்ததும் இந்த மாமன்தான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன எலி திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அக்கா பாதியாகிவிட்டாள், அவள் வீட்டுக்காரர் லாரியே கதியென்று ரோட்டோடு ரோடாகத் திரிகிறார்.

மானிட்டரின் தலைமேல் சின்னக் கேமரா ஒன்று அறை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அது எலியின் யோசனை. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து விளையாடுபவளுக்கு, அம்மா வருகிறாளா என்று தெரிய வேண்டாமா? திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் நடைவழி முழுக்கத் தெரியும், தெருக்கதவு வரைக்கும். அம்மாவின் சேலை தெரிந்த மறுநொடி விளையாட்டு மறைந்து கணக்குப் பாடம் முளைத்துவிடும். இந்தக் களவாணித்தனத்துக்கு உடந்தையாக இருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தவனும் மாமன்தான்.

"அதுல பாரு" என்றாள் அக்கா.

கட்டத்தில் நடைவழி தெரிந்தது. பாதி வழியில், கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டியபடி ஒரு பெண் நின்றிருந்தாள். நீலப் பாவாடை. தலைமுடியில் ஒரு பக்கம் பின்னல், இன்னொரு பக்கம் அவிழ்ந்து தோளில் கிடந்தது.

அவன் அந்தக் கட்டத்தை விரலால் தட்டினான். "பழைய படம்கா. எப்பவோ பிடிச்சது உள்ள மாட்டிக்கிட்டிருக்கு."

"மாட்டிக்கலடா. நான் முதல்ல பார்க்கும்போது தெருக்கதவுகிட்ட இருந்தா. கொஞ்சம் கொஞ்சமா வர்றா."

திரும்பிப் பார்த்தான். நடைவழி காலியாகக் கிடந்தது. அலமாரியின் கண்ணாடியில் மழை வெளிச்சம் மட்டும். மறுபடி திரையைப் பார்த்தான். அவன் வரும்போது அலமாரி ஓரத்தில் சாத்திவைத்த குடை படத்திலும் சாத்தியிருந்தது. அதன் நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் மெல்ல மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

பழைய படத்தில் அவன் குடை எப்படி வரும்?

ஆனாலும் தொழில் தெரிந்தவன். எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பான். மெஷின் நொண்டுகிறது, பழைய படத்தை முழுக்க அழிப்பதற்குள் புதுப் படம் வந்து மேலே விழுகிறது, இரண்டும் கலந்து தெரிகிறது. வேகத்தைச் சரிபண்ணினால் அந்தப் பழைய உருவம் கழுவிவிட்டதுபோலப் போய்விடும். போனால் அக்கா அழுவாள். அழுது தீர்த்துவிட்டு எழுந்து ஒரு வாய் சாப்பிடுவாள். இந்தத் திரையையே பார்த்துப் பார்த்து அவள் உருகிப்போவதைவிட அது மேல். அதற்காகத்தான் இதைச் செய்கிறோம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

மெஷினை அணைத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினான். மதர்போர்டின் ஓரத்தில் ஊசி ஊசியாக நிற்கும் கம்பிகளும் அவற்றின்மேல் ஜம்பர்களும் இருந்தன. ஜம்பர் என்றால் அரிசி அளவு பிளாஸ்டிக் தொப்பி, வேறொன்றுமில்லை. அதை எந்த ஊசிகளில் மாட்டுகிறோமோ, அந்தக் கணக்கில் போர்டு தாளம் போடும், பிராசஸர் அந்தத் தாளத்துக்கு ஓடும். அவன் மாட்டிய இடத்தில் ஜம்பர்கள் இல்லை. எல்லாம் இடம் மாறி, இருப்பதிலேயே மெதுவான தாளத்தில் இருந்தன. அதோடு ஒவ்வொன்றின்மேலும் ஒரு சொட்டு ரோஸ் நெயில் பாலிஷ் காய்ந்திருந்தது.

தொடக் கூடாத இடத்தில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைப்பது அவன் கடைப் பழக்கம். மெஷின் சூடாகி நின்று நின்று போனால், வேகத்தைக் குறைத்துவிட்டு, யாரும் நோண்டாமல் இருக்க அப்படி ஒட்டிவிடுவான். ஓய்வு நாட்களில் கடையில் வந்து உட்கார்ந்து, டீயும் வம்புமாகப் பொழுதைப் போக்கிய அக்கா வீட்டுக்காரருக்கும் அது தெரியும். வேறு யார் செய்திருக்கப் போகிறார்கள்? போன் போட்டான். மணி அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்.

சூடுதான் காரணம், சந்தேகமே இல்லை என்று முடிவுகட்டினான். ஃபேனைக் கழற்றினால் தூசி அடை அடையாக வந்தது. துடைத்தான். புதுப் பசை தடவினான்.

"அன்னைக்குக் காலையில அவளுக்குத் தலை பின்னிட்டிருந்தேன்" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "உடம்பு அனலா கொதிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போறவளுக்குப் பின்னல் எதுக்குன்னு அவர் கத்தறார். ஒரு பக்கம் முடிச்சிட்டேன். அதுக்குள்ள வண்டி வந்துடுச்சு. இன்னொரு பக்கம் அப்புறம் பின்னிக்கலாம்டி, வந்ததும் பின்னி விடறேன்னு சொன்னேன்." கட்டில் கிரீச்சிட்டது. "அதுக்குத்தான்டா வர்றா. மூஞ்சியைத்தான் காட்ட மாட்டேங்கிறா. கோவமா இருக்கும்."

அவனுக்குக் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டு, இடுக்கியால் நெயில் பாலிஷைச் சுரண்டி, ஜம்பர்களைப் பிடுங்கி, அதனதன் இடத்தில் மாட்டினான். ஸ்விட்சைப் போட்டான்.

இரண்டாயிரம்.

ஃபேன் சீறிக்கொண்டு கிளம்பியது. திரை பளிச்சென்று வந்தது, கட்டமும் உடனே திறந்தது. பழைய உருவம் போயிருக்கும் என்று பார்த்தான்.

போகவில்லை. அலமாரியைத் தாண்டி வந்திருந்தாள்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோள் அசைந்தது. அவிழ்ந்த முடி ஆடியது. ஓர் அடி. இன்னோர் அடி. முதுகைக் காட்டியபடியே சாதாரணமாக, பள்ளிவிட்டு வருகிற பெண்ணின் நடையில் வந்துகொண்டிருந்தாள்.

"நடக்கறாடா!" என்று அக்கா எழுந்துவிட்டாள். இத்தனை நாளில் அவள் குரலில் உயிர் வந்தது இப்போதுதான். "என் தங்கம் நடக்கறாடா!"

போன் அடித்தது.

"கூப்பிட்டிருந்தியே?" என்றார் அக்கா வீட்டுக்காரர். பின்னால் லாரியின் உறுமல்.

"மாமா, எலியோட மெஷின்ல வேகத்தைக் குறைச்சது நீங்களா?"

உறுமல் நின்றது. வண்டியை ஓரங்கட்டியிருந்தார். "நீ அதுல கை வெச்சியா?"

"சூடாகுதுன்னு குறைச்சீங்கன்னு நினைச்சு..."

"சூடெல்லாம் இல்லடா. அவ வந்துட்டே இருந்தா. உங்க அக்கா அதைப் பார்த்துத்தான் உயிரோட இருக்கா, அணைக்க எனக்கு மனசு வரல. வரவும் வேணாம், போகவும் வேணாம்னுதான் குறைச்சு வெச்சேன்." மூச்சு வாங்கினார். "பெத்தவன்டா நான். அவளைப் பார்த்து நானே பயந்தேன். இந்த வீட்டுல எப்படி இருப்பேன், சொல்லு?"

"எதுக்கு மாமா பயம்? முதுகுதானே தெரியுது. பின்பக்கமா நடந்து..."

"பின்பக்கமா நடக்கலடா. காலைப் பாரு. ஷூ முனை எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு."

பார்த்தான்.

கறுப்பு ஷூக்கள். இரண்டு முனையும் இந்தப் பக்கம். முழங்கால் முன்னால் மடிந்தது. சட்டையின் பித்தான் வரிசை இந்தப் பக்கம். அதற்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், நேர் வகிடு. ஒரு பக்கம் பின்னல். ஒரு பக்கம் அவிழ்ந்த முடி.

வாசல்படிக்கு வந்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் ஒயரைப் பிடித்து இழுத்தான். பிளக் கையோடு வந்தது. திரை அணைந்தது. ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. போனில் அக்கா வீட்டுக்காரர் கத்திக்கொண்டிருந்தார். மழை கூட விட்டிருந்தது.

அந்த அமைதியில் கேட்டது. ஈர ஷூவின் சத்தம். படத்தில் இல்லை. முதுகுக்குப் பின்னால். அறைக்குள்.

ஆஸ்பத்திரி மருந்து வாடை. காய்ச்சல் உடம்பின் அனல் அவன் தோளை உரசிக்கொண்டு போயிற்று.

அவனால் திரும்ப முடியவில்லை. அணைந்த திரையின் கறுப்பில் கட்டிலருகே அக்கா மங்கலாகத் தெரிந்தாள். அக்காவுக்கு முன்னால் ஒரு சின்ன உருவம்.

"வந்துட்டியாடி" என்றாள் அக்கா. மேசையிலிருந்த சீப்பையும் ரிப்பனையும் எடுக்க அவள் கை அவனைத் தாண்டி நீண்டது. "அம்மா மேல கோவமா? இரு, முடிச்சிடறேன். அம்மா சொன்னபடி செஞ்சிடறேன்."

சீப்பு முடியில் இறங்கும் சத்தம். சிக்கு எடுக்கும்போது அக்கா எப்போதும் முணுமுணுக்கிற அதே செல்லத் திட்டு. ஒரு பின்னல் போடுகிற நேரம். ரிப்பன் இறுகுகிற சத்தம்.

"இப்ப திரும்பு. அம்மாவுக்கு மூஞ்சியைக் காட்டு."

அக்கா அந்தத் தோள்களைப் பிடித்துத் திருப்பினாள். திரையின் கறுப்பில் ஷூ முனைகள் சுவர்ப் பக்கம் போயின. அக்காவுக்கு எதிரே மறுபடியும் அதே நேர் வகிடு. ஒரு பக்கம் பின்னல். ஒரு பக்கம் அவிழ்ந்த முடி.

அக்காவின் கை அப்படியே நின்றது.

"அக்கா" என்றான். "அக்கா, வந்துடுக்கா. போயிடலாம்."

"சும்மா இருடா, ஒரு பக்கம்தான் பாக்கி" என்றாள். அதையும் பின்னினாள். தோளைப் பிடித்துத் திருப்பினாள். முதலில் பின்னிய பக்கம் மறுபடி அவிழ்ந்திருந்தது, ரிப்பன் தரையில் கிடந்தது.

குனிந்து அதை எடுத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவன் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அசையாம நில்லுடி, எலி" என்று சொல்லிக்கொண்டே அக்கா மறுபடி சீப்பை எடுத்தாள்.