மரப்பாலத்துக்கு முன்னால்

போன் அடித்தது.

மார்னி எடுக்கவில்லை.

காலையிலிருந்து அது அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. எதிர்பார்த்த போன்தான். ஆனாலும் கை நீள மறுத்தது.

கணவன் வெய்ன் விடிந்ததும் ஓடப் போனவன். அமெரிக்காவின் டுலூத் ஏரிக்கரையில் ஞாயிறு தவறாத நீண்ட ஓட்டம். இன்று திரும்பி வரமாட்டான் என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்!

ஓட்டக் கிளப்பில் சேர்ந்தான். உடம்பு இளைத்தது. கூட ஓடிய ஜோலீனின் பின்னால் மனசும் ஓடிவிட்டது. போன வாரம் விவாகரத்துப் பேச்சை எடுத்தான். அன்று எரிய ஆரம்பித்த வயிறு மார்னிக்கு இன்னும் அணையவில்லை.

வாசல் மணி!

ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ் அதிகாரி பெக்கனென் தொப்பியைக் கழற்றினார்.

"போன் பண்ணிப் பார்த்தோம் மேடம், நீங்க எடுக்கலை. உங்க வீட்டுக்காரர் ஓடுறப்ப நெஞ்சைப் பிடிச்சிட்டு விழுந்துட்டார்..."

"ஐயோ... வெய்ன்..."

ஒத்திகை பார்த்த அழுகை. பிசிறில்லாமல் வந்தது.

"உட்காருங்க மேடம். ஏற்கெனவே இதயத்துல ஏதாவது கோளாறு?"

"டாக்டர் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். கேட்டாத்தானே சார்? ஓடுறவனுக்குக் கொழுப்பு ஒட்டாதும்பார். ஓடி முடிச்சதும் பேக்கன் கறியும் பான்கேக்குமா வெட்டுவார்."

"என் மச்சானும் அதே கேஸ்தான். மெடல் மாட்ட வீட்டுல ஆணி பத்தலை. சுகர் எவ்வளவுன்னு கேட்டா சண்டைக்கு வர்றான்."

அத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பயம் பிடரியைப் பிடித்து உந்தியது. போஸ்ட்மார்ட்டத்தில் மாத்திரை தெரிந்துவிட்டால்...?

"இன்னொண்ணு சார்... என்னோட சுகர் மாத்திரையைத் தண்ணில கரைச்சுக் குடிப்பார். கொழுப்பு சீக்கிரம் கரையும்னு கிளப்ல எவனோ சொன்னானாம். வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இன்னைக்கும் குடிச்சிருப்பார்."

பெக்கனென் நிமிர்ந்தார்.

"எந்தத் தண்ணில?"

"முந்தின நாளே பாதி வழில ஒரு பாட்டிலை ஒளிச்சு வெப்பாங்க இல்லையா... அதுல. மரப்பாலத்துக்கடியில."

"தூரம் ஓடுறவங்க வழக்கம்தான். வெச்சது யாரு?"

"அவரேதான் சார்."

பெக்கனென் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேடம்... அவர் பாலம் வரைக்கும் போகவே இல்லை. அதுக்கு முன்னாடி, கார் நிறுத்தற இடத்துலயே விழுந்துட்டார். நாயோட வாக்கிங் வந்த நர்ஸ் ஒருத்தங்க நெஞ்சை அமுக்கிக் காப்பாத்திட்டாங்க. ஆஸ்பத்திரில அடைப்பை எடுத்தாச்சு. உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

"உ... உயிரோட இருக்காரா?"

"பேசறார். 'மார்னி வெச்ச தண்ணி பாலத்துக்கடியில கிடக்கு, பாவம், வீணாப் போச்சே'ன்னு வருத்தப்படறார்."

மார்னியின் முகம் வெளுத்தது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று, யாரும் கேட்காமலே சொல்லித் தொலைத்திருக்கிறாள்!

பெக்கனென் வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"மரப்பாலத்துக்கு ஆள் அனுப்பு. அடியில ஒரு பாட்டில் இருக்கும். கையுறை இல்லாமத் தொடாதே."

பிறகு இடுப்பிலிருந்து விலங்கை உருவினார்.

"பாலத்தைத் தாண்டினா வெறும் காடு. அங்க சுகர் இறங்கி மயங்கியிருந்தா அவரை யார் பார்த்திருப்பா? மாரடைப்பு வந்து செத்தவங்களை நிறையப் பார்த்திருக்கேன் மேடம்... அது வந்ததால பிழைச்ச ஒரே ஆள் உங்க வீட்டுக்காரர்தான்!"