வெட்டி எறிந்த வரிகள்

லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியை ஒரு பழைய மாடி வீட்டு வாசலில் பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். இறங்கிய பிறகும் அவள் பேச்சு நிற்கவில்லை. சொந்தபந்தம் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள்: சமூக வலைத்தளத்தில் போடுவதற்காக, ஊரார் நீட்டி முழக்கி எழுதுவதை ஒற்றை வரியாகச் சுருக்க வேண்டும்!

"உனக்கு எவன்டி இந்த வேலையைக் கொடுத்தான்?" என்று சிரித்தான்.

"லிஃப்டுக்குள்ள தனியா நின்னு பாடுற ஆளு நீங்க. என்னைச் சொல்ல வந்துட்டீங்க. போங்க, நேரமாச்சு."

மாடியில் கடைசி அறை அவளுக்கு. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் மூலைகளில் இருட்டு அப்படியே கிடந்தது. வெகுநாள் பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்தால் வருமே, அந்த வாடை. வேலை வாங்கும் மேடம் முறையைச் சொல்லிக் கொடுத்தாள். வந்த எழுத்தை முதலில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். காதுக்கு எதெல்லாம் சுமையோ அதையெல்லாம் வெட்டிவிட வேண்டும். கடைசியில் ஒரே ஒரு வரிதான் மிஞ்ச வேண்டும். தன் சொந்தக் கதையை மட்டும் அந்த அறையில் வாய்விட்டுச் சொல்லவே கூடாது.

ரேடியோ அதில் கைதேர்ந்துவிட்டாள். அப்பாவைப் பறிகொடுத்த ஒருவர் மூன்று பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். "அப்பா போன பிறகு வீட்டுக் கதவு சத்தமில்லாமல் மூடுகிறது" என்று முடித்துவிட்டாள். ஆளாளுக்கு அதைப் பகிர்ந்தார்கள். மெக்கானிக்கே சிக்னலில் நின்றபடி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். யாருக்கு ஐயா இப்போது மூன்று பக்கம் படிக்கப் பொறுமை இருக்கிறது? பச்சை விளக்கு விழுவதற்குள் நெஞ்சைத் தொட வேண்டும். அவள் வரி தொட்டது.

எழுதியவர் மட்டும் போன் செய்தார்.

"நல்லாதாங்க இருக்கு. ஆனா எனக்கும் அப்பாவுக்கும் ரொம்ப வருஷமா பேச்சே இல்ல. கடைசில மன்னிப்புக் கேட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதினேன். அது எங்கங்க போச்சு?"

ரேடியோ போனை வைத்துவிட்டு அடுத்தவர் எழுதியதைக் கையில் எடுத்தாள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னம்மா, உடம்பு முடியலையா?"

"ஒண்ணுமில்ல."

அன்று முழுக்க அது ஒன்றுதான். மறுநாளும் அதேதான். வாயைத் திறப்பாள், தொண்டை ஏறி இறங்கும், எதையோ விழுங்கியவள் மாதிரி நிற்பாள். "ஒண்ணுமில்ல" என்பாள். கண்கள் மட்டும் அவனிடம் கெஞ்சும். பேப்பரும் பேனாவும் கொடுத்துப் பார்த்தான். அதிலும் அதையே எழுதினாள்.

வீடு அமைதியாகிவிட்டது. அவனால் அதைத் தாங்க முடியவில்லை. மதியம் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, அங்கே என்ன நடந்ததென்று கேட்க நேராக அந்த மாடி வீட்டுக்குப் போனான். கீழே யாரும் இல்லை. மேலே ஏறி அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். மின்விசிறி ஓடவில்லை.

ஆனாலும் பிடரியில் காற்று பட்டது.

யாரோ கிசுகிசுத்தார்கள்.

சுவருக்குள்ளிருந்து.

முதலில் ஓர் ஆண் குரல். "...என் மேலதான்ப்பா தப்பு, மன்னிச்சிடுங்க..." அதன் மேல் இன்னொரு குரல். "...ஆனா அவ அப்படிப்பட்டவ இல்ல, முழுசா கேளுங்க..." இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. அந்த அறையில் வெட்டிப் போட்டதெல்லாம் எங்கும் போகாமல் அங்கேயே இருந்தது.

பிறகு ரேடியோவின் குரல் வந்தது.

"...அக்குள்கிட்ட கட்டி மாதிரி இருக்குங்க. டாக்டர் சீக்கிரமா எடுத்துடணும்னு சொல்றாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல, அதான் எழுதிப் பார்க்கிறேன். பயமா இருக்கு. என்னைத் தனியா விட்டுடாதீங்க..."

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். "அட பைத்தியமே! உன்னை விட்டுடுவேனா நான்? கூடவே இருப்பேன்டி!" என்று சுவரைப் பார்த்துக் கத்திவிட்டான்.

கிசுகிசுப்பு சட்டென்று நின்றது.

எல்லாக் குரல்களும் காதைத் தீட்டிக்கொண்டு அவனையே கேட்பது போலிருந்தது.

அறை வாசலில் மேடம் நின்றிருந்தாள். "ஐயோ, பேசிட்டீங்களா?" குரல் காற்றாகத்தான் வந்தது. "அடுத்தவங்க எழுதினதை மட்டும்தான் இங்க வாய்விட்டுப் படிக்கணும்னு உங்க வீட்டம்மாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. அவங்க சொந்தக் கதையைப் படிச்சு, 'ஒண்ணுமில்ல'ன்னு வெட்டிட்டாங்க. இப்ப நீங்களும்... அந்தக் குரல் இனி உங்க பின்னாடியே..."

அவன் மீதியைக் கேட்க நிற்கவில்லை. வீட்டுக்குப் பறந்தான். அவளை அள்ளிக்கொண்டு, அவள் கை காட்டிய ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டரிடம் அவளுடைய பழைய பரிசோதனை முடிவுகள் இருந்தன. உடனே ஆபரேஷன் என்றார்.

உள்ளே அழைத்துப்போக நர்ஸ் வந்துவிட்டாள். கட்டிலில் கிடந்த ரேடியோ அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். அவன் வாயிலிருந்து ஓர் ஆறுதல் வராதா என்று அவன் முகத்தையே பார்த்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் வழியெங்கும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடிதான் வந்திருந்தான். வாயைத் திறந்தான்.

"இருக்கேன்."

அவ்வளவுதான் வந்தது. மறுபடியும் முயன்றான். தொண்டை ஏறி இறங்கியது.

"இருக்கேன்."

அவள் கண்கள் நிரம்பின.

அப்போது கட்டிலுக்கு அந்தப் பக்கத்துச் சுவருக்குள்ளிருந்து அவனுடைய குரல் பேசத் தொடங்கியது. நிதானமாக, வாஞ்சையாக, அவன் சொல்ல வந்ததில் ஒன்றையும் விடாமல் பேசியது.

ரேடியோ அவன் கையை விட்டாள். சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தாள்.

"வந்துட்டீங்களா? எங்க போயிட்டீங்க இவ்வளவு நாளா? எப்படித் தவிச்சுப் போயிட்டேன் தெரியுமா, வாயைத் திறந்தா ஒண்ணுமே வரல, உங்ககிட்ட சொல்லாம நான் வேற யார்கிட்ட சொல்வேன்..." பழையபடி மூச்சு விடாமல் பேசினாள். அழுதாள். நடுவில் சிரிக்கக்கூடச் செய்தாள்.

நர்ஸ் மெக்கானிக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"யார்கூடம்மா பேசுறீங்க?"

"என் வீட்டுக்காரர்கூட," என்றாள் ரேடியோ, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.