நீல நூலில் தைத்த பெயர்

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்களும் "என்னது, திரும்பச் சொல்லு?" என்பீர்கள். பத்து வயதுக்குள் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

வருகைப் பதிவில் அந்தப் பெயர் வந்தாலே டீச்சர் தொண்டையைச் செருமிக்கொள்வார். "இருமல் மருந்து பேரு மாதிரி இருக்கு," என்றான் கடைசி பெஞ்சுப் பையன். அகராதியில் தேடினாள், இல்லை. அம்மாவைக் கேட்டால், அடுப்பில் ஏதோ தீய்வதுபோல எழுந்து போய்விடுவாள். அர்த்தம் சொல்லத் தெரியாததால் வகுப்பில் அவளுக்குக் 'கேள்விக்குறி' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

போதும், மாற்றிவிடலாம் என்று பள்ளி அலுவலகத்தில் படிவம் வாங்கிவந்தாள். புதுப் பெயரையும் எழுதிவிட்டாள். வகுப்பில் ஏற்கெனவே மூன்று பேருக்கு இருக்கும் பெயர்தான். நாளையே கடைசி நாள். அம்மாவின் கையெழுத்து மட்டும் பாக்கி.

ரொட்டிக்கடை வேலை முடிந்து மதியம் வந்த அம்மா, படிவத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இது உனக்குன்னு வச்ச பேரே இல்லடி," என்றாள்.

"பின்னே?"

"நீ பிறந்தப்போ ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல ஒரு தையல்காரம்மா இருந்தாங்க. அவங்க குழந்தை பிழைக்கலை. உனக்குப் போர்த்த என்கிட்ட ஒண்ணும் இல்ல. குளிர்ல நடுங்கினே. அவங்க தன் குழந்தைக்குத் தைச்ச போர்வையை எடுத்து உன்மேல போட்டாங்க. மூலையில நீல நூல்ல பேரு இருந்துச்சு. நர்ஸ் அதைப் பார்த்து, உன் பேருன்னு நினைச்சு எழுதிட்டாங்க."

"நீ சொல்லலாமே, தப்புன்னு?"

"எனக்குத் தெரியறதுக்குள்ள அந்தத் தையல்காரம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. மாத்தத்தான் நினைச்சேன். அதுக்குள்ள அந்தப் பேரைச் சொன்னா நீ சிரிக்க ஆரம்பிச்சிட்டே." அம்மாவின் குரல் உடைந்தது. "பிள்ளையும் போச்சு, பேரையும் நான் எடுத்துக்கிட்டேன். அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்? அவங்க தையல் கடை சந்தைத் தெருவுலதான் இருக்கு."

ரொட்டிக்கடைக்குப் போகும்போதெல்லாம் அம்மா ஏன் சந்தைத் தெருவை விட்டுச் சுற்றிப் போகிறாள் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தன் பெயர் தன்னுடையதே இல்லை. இறந்துபோன ஒரு குழந்தையுடையது.

பெட்டியின் அடியில் இருந்த போர்வையையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு சந்தைத் தெருவுக்கு நடந்தாள்.

சின்னக் கடை. ஒரே ஒரு தையல் இயந்திரம். தையல்காரம்மா தலை நிமிராமல் கேட்டார்: "என்ன பாப்பா, பட்டன் தைக்கணுமா, ஜிப் மாத்தணுமா?"

"போர்வை, ஆன்ட்டி. மூலையில நூல் பிரிஞ்சிருக்கு."

வாங்கிப் பார்த்தார். கடைசி எழுத்து அவிழ்ந்து தொங்கியது. இயந்திரத்தின் சக்கரம் நின்றது.

"இது யாருக்குப் போர்த்தினது?"

"எனக்கு. இந்தப் பேரும் இப்போ எனக்குத்தான் இருக்கு. தப்பா எழுதிட்டாங்க."

தையல்காரம்மாவின் முகம் வெளுத்தது. "கடை மூடியாச்சு. போ."

அவள் போகவில்லை. படிவத்தை நீட்டினாள். "திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல இந்தப் பேரை அடிச்சிடுவாங்க. அப்புறம் இது உங்களோடதுதான்."

தையல்காரம்மா படிவத்தை வாங்கிப் படித்தார்.

"அடிச்சிட்டா அப்புறம் அந்தப் பேரு எங்க இருக்கும்?" என்றார், தனக்குத்தானே கேட்பதுபோல. பிறகு அவளிடம், "ஏன் மாத்தறே?" என்றார்.

"எல்லாரும் அர்த்தம் கேக்கறாங்க. எனக்குத் தெரியலை."

"எங்க ஊர்ப் பேச்சு அது. அங்க மழை பிடிச்சா வாரக்கணக்கா விடாது. எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே கிடப்போம். மழை விட்டதும் முதல்ல கதவைத் திறக்கிறவளுக்கு அந்தப் பேரு. ரொம்ப நாள் காத்திருந்து பிறக்கிற பொண்ணுக்கு வைப்பாங்க." நீல எழுத்துகளை விரலால் தடவினார். "பதினோரு வருஷம் காத்திருந்தேன். தைச்சதோட சரி. ஒரு தடவைகூட அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடலை."

அவள் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"கூப்பிடுங்க, ஆன்ட்டி. நான் திரும்பிப் பார்க்கிறேன்."

சைக்கிள் ஒன்று போனது. கால் வலித்தது. அசையாமல் நின்றாள்.

பிறகு மிக மெல்ல அந்தப் பெயர் வந்தது. பாதியிலேயே உடைந்தது.

"இதோ இருக்கேன், ஆன்ட்டி," என்று திரும்பினாள்.

தையல்காரம்மா போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவளும் அழுதாள். கடைசியில் தையல்காரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஊசியில் நீல நூலைக் கோத்தார்.

மறுநாள் படிவம் பள்ளிக்குப் போகவில்லை. சாயங்காலம் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் சந்தைத் தெரு வழியாகவே நடந்தாள். அம்மா தலையைக் குனிந்தபடி வந்தாள்.

தையல்காரம்மா வாசலுக்கு வந்து, தெருவே கேட்கும்படி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

காய்கறிக்காரர் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு, "என்ன பேரும்மா அது? அர்த்தம் என்ன?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் தையல்காரம்மா பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.