பதினேழாம் நிமிடம்

காலையில் உமையாள் இரண்டாவது முறையாகச் செத்தாள். விலாவில் வாள் இறங்கியது, முழங்கால் மடிந்தது, சரிந்தாள். பிறகு எழுந்து நரம்புச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள்.

டைட்டன் குடியேற்றத்தில் அது ஒரு கௌரவமான உத்தியோகம். பெயர் தோற்பாளர். ஒரு காலத்தில் சண்டை விளையாட்டுகளில் எந்திரங்களே எதிரியாக நின்றன. முழுத்திறனோடு நின்றால் மனிதன் மூன்று நொடி தாங்கவில்லை. விட்டுக்கொடுத்தால், போயும் போயும் ஓர் எந்திரம் நம்மேல் இரக்கப்படுவதா என்று அவனுக்கு ரோஷம் வந்தது. ஆகவே மனிதர்களையே எதிரே நிறுத்தினார்கள். நரம்புச்சட்டை உடலின் அசைவைக் களத்து உருவத்துக்குக் கொண்டுபோகும். வெட்டு விழுந்தால் எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்றிருக்கும். இவர்களும் விட்டுத்தான் கொடுத்தார்கள். ஆனால் மனிதர்கள் செய்தால் அது அவ்வளவு சுலபமாகத் தெரிவதில்லை.

விளையாட்டகத்தில் இரண்டு கூடங்கள். எளிமைக் கூடத்தில் கையை ஒருமுறை வீசினால் போதும், எதிரே நிற்பவர் பறந்து விழவேண்டும். குழந்தைகள், கை வராதவர்கள், வேலை முடிந்து அலுத்து வருகிறவர்கள் எல்லாரும் அங்கே ஜெயித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். தோற்பாளர் நாளுக்கு இருநூறு முறை விழவேண்டும். ஆழக் கூடமோ வேறு உலகம். அறுபத்திரண்டு வீச்சுகள், தடுப்பு, எதிர்த்தடுப்பு. கற்கவே ஆறு மாதம். அங்கே உமையாள் சரியாகப் பதினேழாம் நிமிடத்தில் இடது தோளை ஒரு விரற்கடை தாழ்த்துவாள். வந்தவர் அதைத் தாமே கண்டுபிடித்த திறப்பு என்று நம்பிப் பாய்வார்.

எளிமைக் கூடத்தை அவள் மதித்ததே இல்லை. அவளுக்கென்று ஒரு பெருமை இருந்தது. வீட்டில் ஓர் எந்திர எதிரி வாங்கி வைத்திருந்தாள். 'ஒருபோதும் விட்டுக்கொடுக்காதது' என்று பெட்டியிலேயே முத்திரை. மற்றவர்கள் மூன்று நொடி நிற்கமுடியாத எந்திரத்தை அவள் ஏழாம் நிலையில் தினமும் வென்றாள். அதுவும் உயிர் நூலிழையில் தொங்கும்போது.

இன்று தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டாள். காரணம் நல்லசிவம். குடியேற்றத்தின் காற்று விநியோகத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். போன வாரம் சண்டைக்கு முன்னால் அவளிடம் தனியாகச் சொன்னார்.

"விட்டுக்கொடுத்து ஜெயிக்கிறது எனக்குப் புடிக்காதும்மா. நிஜமாவே சண்டை போடுங்க."

ஒன்பது வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. நெஞ்சு நிறைந்துபோய் நிஜமாகவே சண்டை போட்டாள். பதினோரு நொடி. மனிதர் எழுந்து, தூசு தட்டி, நேராகப் போய்ப் புகார் எழுதினார்: 'சண்டையில் ஆழமே இல்லை.'

மேற்பார்வையாளர் பிரிட்டோ அவளைவிட இளையவன், நல்லவன். அவன் கூப்பிட்டு உட்காரவைத்தான். இன்றைக்கு மறுபடி நல்லசிவம் வருகிறார், இன்னொரு புகார் வந்தால் நாளை முதல் எளிமைக் கூடம்தான் என்றான்.

"அவர்தானே கேட்டார்?" என்றாள் உமையாள்.

"அக்கா, ஆழம் வேணும்னு கேக்குறவங்க யாரும் முழுகறதுக்குக் கேக்குறதில்ல. கழுத்து வரைக்கும் தண்ணி இருந்தாப் போதும்."

களத்தில் இறங்கி வாளை எடுத்தாள். அறுபத்திரண்டு வீச்சுகளில் நல்லசிவத்துக்குக் கைவந்தவை மூன்று. நடை பழகும் பிள்ளையோடு ஓடிப்பிடித்து விளையாடுகிற கதைதான். அவர் வாள் வரும் இடத்துக்குத் தன் வாளைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் தடுமாறியபோது தானும் தடுமாறினாள். அவர் களைத்தால் மூச்சுவாங்கப் பின்வாங்கினாள். கடிகாரம் ஊர்ந்தது. பதினேழாம் நிமிடத்தில் தோளைத் தாழ்த்தினாள். அவர் ஒரு கணம் கூர்ந்து பார்த்தார், பாய்ந்தார். அவள் செத்தாள்.

வெளியே வந்த நல்லசிவத்துக்கு வியர்த்துக் கொட்டியது. கண்கூடக் கலங்கியிருந்தது.

"இன்னைக்குத்தாம்மா நீங்க மனசு வச்சு சண்டை போட்டீங்க. அன்னைக்கு ஏதோ அவசரத்துல இருந்தீங்கபோல."

நன்றி ஐயா என்றாள். வேலை பிழைத்தது; ஆனால் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. வளர்ந்த மனிதருக்கு, ஊருக்கே காற்று விட்ட மனிதருக்கு, கண்ணெதிரே தோள் தாழ்வதுகூடவா தெரியாது? வீடு போய்ச் சேரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே போனாள். போனதும் செருப்பைக்கூடச் சரியாக விடாமல் எந்திரத்தை ஏழாம் நிலைக்கு முடுக்கினாள்.

எந்திரம் அவளைப் பிழிந்தெடுத்தது. வீச்சுக்கு வீச்சு, தடுப்புக்குத் தடுப்பு. இதுவல்லவா சண்டை என்று அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. திரையில் அவள் உயிரளவைக் காட்டும் கோடு நூலிழைக்கு வந்தது. வாளை ஓங்கினாள்.

எந்திரத்தின் இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்தது.

உமையாள் அப்படியே நின்றாள். சுவரில் கடிகாரம் பதினேழாம் நிமிடத்தைக் காட்டியது. நேற்றும் இதே நேரம்தான். முந்தாநாளும். எந்திரம் தோளை ஏற்றவில்லை, பொறுமையாகக் காத்திருந்தது. திரையின் மூலையில் 'முழுத்திறன்' என்றொரு பொத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. தொட்டால் மூன்று நொடி என்று அவளுக்குத் தெரியும்.

பாய்ந்தாள். எந்திரம் விலாவைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் மடிந்து, மிக நேர்த்தியாகச் சரிந்தது.

திரை அவள் கருத்தைக் கேட்டது. மூச்சு அடங்கும்வரை இருந்துவிட்டு, ஐந்து நட்சத்திரமும் போட்டு எழுதினாள்: 'நல்ல ஆழம். கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத எதிரி.'