தண்ணளி

செந்நிலக் குடியிருப்பில் கண் விழித்ததும் எல்லோரும் கேட்பது காற்று நிலவரம். செவ்வாயின் வெளியில் மூச்சுவிட ஏதுமில்லை. பாசித் தொட்டிகளில் ஊறும் உயிர்வளியைக் குழாய் வழியே ஒவ்வொரு தொகுதிக்கும் அனுப்புவார்கள். தொட்டிகளில் நோய் கண்டால் எந்தத் தொகுதிக்குக் குறையும் என்று ஒலிபெருக்கி சொல்லும். அதைக் கேட்ட பிறகுதான் பல் துலக்குவார்கள். காற்று குறைந்த நாளில் மாடி ஏற மாட்டார்கள், சண்டைகளைத் தள்ளிவைப்பார்கள்.

அந்த அறிவிப்புகளை எழுதுகிறவள் திலகவதி. கடினமான வேலை. 'குறைப்பு' என்று எழுதினால் மக்கள் பயந்தார்கள். பயந்தவர்கள் அதிகமாக மூச்சிழுத்தார்கள். மிச்சப்படுத்திய காற்று பயத்திலேயே தீர்ந்தது. மணிக்கட்டில் எல்லோரும் அணிந்திருந்த துடிப்புப் பட்டைகள் இதைக் காட்டிக்கொடுத்தன. ஆகவே குறைப்பை 'மட்டுப்படுத்தல்' என்றார்கள். சில மாதம் பலித்தது. பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே நெஞ்சு படபடத்தது. 'சீரமைப்பு' வந்தது, போனது. 'தணிப்பு' என்ற நல்ல சொல்லும் கெட்டது. காய்ச்சல் தணிக்கும் மாத்திரையைக்கூட ஜனங்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

இந்த முறை தொட்டிகளில் பெருநோய்.

"புதுச் சொல் வேண்டும்" என்றது குடியிருப்பை நடத்தும் நிர்வாக எந்திரம்.

"புதுசு ஒண்ணும் மிச்சமில்லை."

"பழையதைத் தேடுங்கள்."

பழைய அகராதிகளில் தேடி அவள் 'தண்ணளி'யைக் கண்டெடுத்தாள். குளிர்ந்த அருள் என்று பொருள். 'மூன்றாம் தொகுதிக்கு நாளை முதல் தண்ணளி' என்று அறிவித்தார்கள். ஒரு பட்டையிலும் துடிப்பு ஏறவில்லை.

சில நாள் கழித்து, நான்காம் தொகுதியில் இருந்த வீட்டுக்கு அவள் திரும்பியபோது கணவன் மாசிலாமணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"மூணாம் தொகுதிக்கு மட்டும் தண்ணளி. நாம என்ன பாவம் பண்ணோம்?"

"அது காத்தைக் குறைக்கிறதுங்க."

"குறைக்கிறதுன்னா தணிப்புன்னு சொல்லியிருப்பாங்க. இது தண்ணளி. அங்க போய்ப் பாரு, எல்லாரும் எவ்வளவு நிதானமா நடக்கிறாங்க. யாரும் கத்துறதில்லை. பகல்லயே தூக்கம் சொக்குதாம்."

திலகவதிக்கு அழுகை வந்தது. "உங்க மூச்சிழுப்பு நோய்க்காகத்தான் நம்ம தொகுதியைக் கடைசியில போடச் சொல்லிக் கெஞ்சினேன்."

மாசிலாமணி எழுந்து நின்றான். "அப்ப தடுத்தது நீதானா?"

அன்று மாலையே தொகுதிக் கூட்டத்தில் அவன் பேசினான். சொந்த மனைவியையே எதிர்த்தவன் என்பதால் அவனையே தலைவனாக்கினார்கள். உணவுக்கூடத்தை மறித்து உட்கார்ந்தார்கள். வேறு வழி தெரியாமல் திலகவதி, 'தண்ணளி என்றால் காற்றுக் குறைப்பு' என்று பச்சையாக அறிவித்தாள். கூட்டம் கொதித்தது. கேட்டதைக் கொடுக்காமல் இருப்பதற்காக மிரட்டுகிறார்கள் என்றார்கள்.

அவள் எந்திரத்திடம் போய் நின்றாள். "அங்க மூச்சு நோயாளிங்க இருக்காங்க."

"மறுத்தால் துடிப்பு ஏறுகிறது. கொடுத்தால் இறங்குகிறது. காற்றும் மிச்சம்" என்றது எந்திரம். நான்காம் தொகுதிக்குத் தண்ணளி வழங்கப்பட்டது.

வெற்றி விழாவில் மாசிலாமணிக்குக் காகித மாலை போட்டார்கள். அவன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தத் தண்ணளி... நம்ம..."

அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்து திறந்து மூடியது. கண்ணில் நீர் கோத்தது. நெகிழ்ந்துவிட்டான் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் சீக்கிரமே ஓய்ந்தது. யாருக்கும் மூச்சு போதவில்லை.

அவனுடைய மருந்துக் குழலை எடுத்துக்கொண்டு திலகவதி மேடையை நோக்கி ஓடப் பார்த்தாள். கால் வரவில்லை, நடந்தாள். வழியில் ஒருவர் அவளை நிறுத்திக் கும்பிட்டார். ஐந்தாம் தொகுதிக்காரர்.

"அம்மா, நீங்கதானே எழுதுறவங்க? எங்களுக்கு இவங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாப் போட்டுக் குடுங்க."